தலைவலிதானே

பாலக்கரைப் பக்கத்துக் கோயிலில் ஞாயிற்றுக்கிழமை இரண்டாம் பூசையில் மணி மூன்று தடவை அடித்து ஓய்ந்ததும், தரையில் முழங்காலிட்டிருக்கும் பெண்கள் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு சாமியார் நாவில் வைக்கும் திவ்விய அப்பமான நன்மையை வாங்க, பீடத்துக்கு முன்னாலுள்ள கிராதிப் பக்கம் எழுந்து போவார்கள். அமலராணி மட்டும் எழுந்திருக்க மாட்டாள். போகிறவர்கள் அவளைச் சுற்றிக்கொண்டு போவார்கள். திரும்பி வருகிறவர்கள் கைகூப்பிக் கண்ணைத் தாழ்த்தி வந்தாலும், அவள் அருகில் வரும்போது மட்டும் அந்தக் கண் ஒரு நொடி உயர்ந்து பார்த்துவிட்டுத் தாழும். அவள் ஜெபப் புத்தகத்தில் ஏதோ ஒரு பக்கத்தை விரித்து வைத்துக்கொண்டு படிக்காமல் உட்கார்ந்திருப்பாள்.

காரணம் ஒன்றும் பரம ரகசியம் அல்ல. காலை ஐந்து மணிக்கே அவள் இரண்டு இட்லி சாப்பிட்டு ஒரு தம்ளர் காப்பி குடித்திருப்பாள். நன்மை வாங்குகிறவர்கள் நடுராத்திரியிலிருந்து ஆகாரம் தொடக் கூடாது என்பது அந்தக் காலத்துக் கட்டளை. மூன்று வருடத்துக்கு முன்னால் ரோமாபுரியிலிருந்து புது உத்தரவு வந்து, தண்ணீர் குடித்தால் குற்றமில்லை என்று ஆகியிருந்தது. ஆனால் அமலராணியின் தலைக்குத் தண்ணீர் போதவில்லை. வெறும் வயிற்றோடு எட்டு மணிப் பூசைக்குப் போனால் பிரசங்கம் முடிவதற்குள் இடது கண் ஓரத்தில் மின்ன ஆரம்பிக்கும். ரம்பத்தின் பல் போல வளைந்து வளைந்து ஒரு வெளிச்சக் கோடு. அது பெரிதாகிப் பெரிதாகிப் பீடத்தில் எரிகிற ஆறு மெழுகுவர்த்தியில் மூன்றைக் காணாமல் அடித்துவிடும். இருபது நிமிஷத்தில் கோடு போய்விடும். பிறகு வலி வரும், கூடவே வாந்தி வரும். திங்கட்கிழமை ஸ்ரீரங்கத்துப் பள்ளிக்கூடத்தில் நாற்பத்தெட்டுப் பிள்ளைகள் ஒரே குரலில் வாய்ப்பாடு கத்தும்போதும் அந்த வலி அங்கேயே இருக்கும்.

ஆகவே இட்லி. ஈஸ்டர் திருநாளுக்கு மட்டும் பல்லைக் கடித்துக்கொண்டு பட்டினி கிடந்து நன்மை வாங்குவாள், வருடத்துக்கு ஒரு தடவையாவது வாங்கியே தீர வேண்டும் என்பதால். வாங்கிவிட்டு வந்து இரண்டு நாள் எழுந்திருக்க மாட்டாள். சர்வேசுரனா பள்ளிக்கூடமா என்று ஒவ்வொரு ஞாயிறும் விடியும் முன்பே முடிவெடுக்க வேண்டியிருந்ததே, அந்த அலுப்பு ஒன்றே ஓர் ஆளைக் கிழவியாக்கப் போதும். அவளுக்கு முப்பத்திரண்டு வயதுதான்.

ஊர் இதையெல்லாம் கேட்டுக்கொண்டா இருக்கிறது? ஒருத்தி ஒரு வாரம் நன்மை வாங்கவில்லை என்றால் ஏதோ மறந்து சாப்பிட்டுவிட்டாள் என்று நம்பும். வாரா வாரம் வாங்கவில்லை என்றால் அவளிடம் நன்மை வாங்கவிடாத சாவான பாவம் ஏதோ இருக்கிறது, அதை விடவும் மனசில்லை, சாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில் சொல்லவும் வாயில்லை என்று எடுத்துக்கொள்ளும். என்ன பாவம் என்று கண்டுபிடிக்கப் பெரிய மூளை வேண்டியதில்லை. மகள் ரோசம்மாளுக்கு எட்டு வயதாகிறது, அடுத்த பிள்ளை இல்லை. சர்க்கார் அப்போதுதான் குடும்பக் கட்டுப்பாடு என்று சுவரில் எழுத ஆரம்பித்திருந்தது, கோயில் அதைப் பாவம் என்றது. டீச்சரம்மா படித்தவள். பக்கத்து வீட்டுச் செல்வமேரி இந்த மூன்றையும் முடிச்சுப் போட்டு, கிணற்றடியில் நின்று மூன்று தெருவுக்கு விநியோகம் செய்துவிட்டாள். ரோசிக்குப் பிறகு இரண்டு தடவை மூன்றாம் மாதத்திலேயே கலைந்துபோனது செல்வமேரிக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் அதற்கும் ஒரு கதை கட்டியிருப்பாள்.

வீட்டுக்காரர் இன்னாசிராஜ் பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் குமாஸ்தா. சங்கு ஊதுவதற்குள் சைக்கிளில் போய்ச் சேர்ந்துவிடுவார். குடி இல்லை, சீட்டு இல்லை, கை நீட்ட மாட்டார். நல்ல மனிதர் என்று சொல்ல இவ்வளவு போதும் என்றால் நல்ல மனிதர்தான். அவள் தலையில் துணியைக் கட்டிக்கொண்டு படுத்திருக்கும் நாட்களில் தானே சோறு வடித்து, மகளுக்கும் போட்டு, வாசலில் யாராவது கேட்டால் "ஒண்ணுமில்லைங்க, தலைவலிதான்" என்பார். அவளிடமும், "தலைவலிதானே, தூங்கி எந்திரிச்சா சரியாப் போயிரும்" என்பார். இந்தத் 'தானே' அவள் காதில் விழுந்து விழுந்து தழும்பாகிவிட்டது.

வைத்தியம் பார்க்காமல் இல்லை. சுக்குப் பத்துப் போட்டு நெற்றித் தோல் உரிந்தது. நீர்க்கோவை என்று ஒருவர் ஆவி பிடிக்கச் சொன்னார். கண்ணில் குறை என்று கண்ணாடி வாங்கினார்கள், அது இப்போது அலமாரியில் இருக்கிறது. பல்லில் விஷம் இருக்கிறது என்று சொல்லி ஒரு கடைவாய்ப் பல்லைப் பிடுங்கினார்கள். பல் போனது, வலி போகவில்லை. ஒரு டாக்டர் அவளைப் பார்க்காமல் அவள் புருஷனைப் பார்த்து, "பொம்பளைங்களுக்கு இது சகஜம், மனசுல எதையாவது போட்டு உழப்பிக்குவாங்க" என்றார். அதோடு அவள் டாக்டரிடம் போவதை நிறுத்திவிட்டாள். பள்ளிக்கூடத்தில் தேசப்படங்களைச் சுருட்டி வைக்கும் இருட்டறை ஒன்று இருந்தது. வலி வரும் நாட்களில் மத்தியான மணி அடித்ததும் அதற்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு வெறுந்தரையில் கிடப்பாள். தலைமையாசிரியை தெரிந்தும் தெரியாததுபோல் இருந்தார். அவள் வாழ்க்கையில் அந்த அறையைப் போல உபகாரம் செய்தது வேறொன்றும் இல்லை.

ஐம்பத்தாறாம் வருடம் தவக்காலம் தொடங்கிய விபூதிப் புதனன்று, ஒரு வேளைச் சாப்பாட்டோடு பள்ளிக்கூடம் போய்த் திரும்பும்போது, காவேரிப் பாலத்தில் பஸ் நின்றுவிட்டது. ஆற்றில் கொஞ்சமாக ஓடிய தண்ணீர் சாய்ந்த வெயிலைத் திருப்பி நேரே முகத்தில் அடித்தது. அவள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு வெளியே வாந்தி எடுத்தாள். பக்கத்தில் இருந்த அம்மாள் தோளைத் தாங்கிப் பிடித்து, பாலக்கரையில் இறக்கி, கையோடு ஒரு வீட்டு மாடிக்குக் கூட்டிக்கொண்டு போனார். "நம்ம லேடி டாக்டரும்மா. காது கொடுத்துக் கேப்பாங்க" என்று சொல்லி உட்கார வைத்துவிட்டுப் போனார்.

டாக்டர் ஜஹானாராவுக்கு நாற்பது வயதிருக்கும். மேஜை நிறைய, கப்பலில் மூன்று மாதம் தாமதமாக வரும் லண்டன் வைத்தியப் பத்திரிகைகள். முதலில் விளக்கை அணைத்தார். பிறகு கேட்டார், கேட்டுக்கொண்டே இருந்தார். கோடு எந்தப் பக்கம் வரும், எவ்வளவு நேரம், அம்மாவுக்கு இருந்ததா, மாதம் எந்த நாளில், தூக்கம் எப்படி. கல்யாணமான இந்தப் பதினாலு வருஷத்தில் அந்தக் கோட்டைப் பற்றி ஒருவரும் கேட்டதில்லை. அமலராணிக்கு அழுகை வந்தது. அழுதால் தலை இன்னும் வலிக்கும் என்று அடக்கிக்கொண்டாள்.

"டீச்சர், இதுக்குப் பேர் இருக்கு. மைக்ரேன். இது மனசு உழப்பிக்கிறது இல்ல. தலையில ரத்தக் குழாய் மொதல்ல சுருங்குது, அப்பத்தான் கண்ணுல அந்த மின்னல். அப்புறம் வீங்குது, அப்ப வலி. இப்போதைக்கு அப்படித்தான் சொல்றாங்க. நாளைக்கு வேற மாதிரிச் சொன்னாலும் சொல்லுவாங்க, ஆராய்ச்சி நடந்துக்கிட்டேதான் இருக்கு. ஆனா இது ஒரு நோய்ங்கிறதுல சந்தேகமில்ல."

"பல்லுல விஷம்னாங்க டாக்டர்."

"யாரு சொன்னது? போவட்டும் விடுங்க, பிடுங்குன பல்லு திரும்பவா வரப்போவுது?"

ஒரு மாத்திரை இருக்கிறது என்றார். சீமையில் ஒரு தானியக் கதிரில் பிடிக்கிற பூஞ்சணத்திலிருந்து எடுப்பது. கோடு தெரிந்தவுடனே போட்டுக்கொள்ள வேண்டும். வலி ஏறின பிறகு போட்டுப் புண்ணியமில்லை. "வயித்துல ஏதாவது தங்கியிருக்குமோன்னு லேசா சந்தேகம் வந்தாக்கூட இதத் தொடக் கூடாது. கலைச்சிரும். வாரத்துக்கு ரெண்டுக்கு மேலயும் கூடாது. கேக்குதேன்னு தெனம் முழுங்குனா, அந்த மாத்திரையே தலைவலியக் கொண்டாந்துருதுன்னு அமெரிக்காவுல எழுதியிருக்காங்க. விரல் மரத்துப்போனா நிறுத்திட்டு என்கிட்ட வாங்க." கடைசியாக, ஒவ்வொரு தலைவலியையும் எழுதி வைக்கச் சொன்னார்.

எழுதி வைப்பது அமலராணிக்குக் கைவந்த வேலை. பழைய வருகைப் பதிவேடு ஒன்றில் மீந்திருந்த தாள்களில் கோடு கிழித்தாள். பிள்ளைகள் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் தூக்கம், சாப்பாடு, வெயில், தூரமான நாள் என்று எழுதினாள். கடைசி வரிசையில் தலைவலி. வந்த நாளுக்குச் சிவப்புப் பென்சிலால் ஆஜர் போட்டாள். சாப்பாடு என்ற வரிசையில் காலியாக விட்ட நாட்களில் எல்லாம் தலைவலி தவறாமல் ஆஜராகிக்கொண்டிருந்தது. தவக்கால வெள்ளிக்கிழமைகளில் வந்தது, பஸ் வராமல் மத்தியானச் சாப்பாடு தள்ளிப்போன நாட்களில் வந்தது, ஈஸ்டர் அன்று பெரிதாக வந்தது. இட்லி சாப்பிட்ட ஞாயிறுகளில் ஒன்றுகூட இல்லை.

அந்த மே மாதம் ரோசிக்குப் புதுநன்மை. முதல் முதலாக நன்மை வாங்கும் பிள்ளைக்கு வெள்ளை கவுனும் தலையில் பூமுடியும் போட்டு, அப்பா ஒரு பக்கம் அம்மா ஒரு பக்கம் நடத்திக் கூட்டிக்கொண்டு போய், மூன்று பேரும் கிராதியில் வரிசையாக முழங்காலிட்டு வாங்குவது அந்தக் கோயில் வழக்கம். தாயோ தகப்பனோ செத்துப்போன பிள்ளைகளுக்குத்தான் ஒரு பக்கம் காலியாக இருக்கும். இந்தப் புதுநன்மைப் பூசை பாட்டும் பிரசங்கமுமாகப் பத்து மணி வரை இழுக்கும். அதுவரை பட்டினி கிடந்தால் பீடத்தடியிலேயே வாந்தி எடுக்க வேண்டியிருக்கும். மகள் பக்கத்தில் போய் முழங்காலிட முடியுமா என்பதையே அமலராணி மூன்று மாதமாக நினைத்து நினைத்து மாய்ந்துகொண்டிருந்தாள்.

ஏப்ரல் மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, அவள் ஸ்ரீரங்கத்திலிருந்து வீடு வந்தபோது ரோசி அடுப்படியில் கதவு மறைவில் உட்கார்ந்திருந்தாள். பாவாடையால் தலையை மூடிக்கொண்டிருந்தாள்.

"என்னடி இது? விளக்குகூடப் போடாம?"

"போடாதம்மா." பிள்ளை தலையை நிமிர்த்தி அவளைப் பார்த்தது. பார்த்துவிட்டு மிரண்டது. "அம்மா, உன் மூஞ்சியில பாதியக் காணோம். வேலி மாதிரி என்னமோ மின்னுது."

அமலராணி கையிலிருந்த பையை அப்படியே போட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டாள். அது என்ன வேலி என்று அவளுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. என் மூக்கைக் கொண்டு பிறந்தாய், என் சுருட்டை முடியைக் கொண்டு பிறந்தாய், அதோடு நின்றிருக்கக் கூடாதா என்று அவள் மனது அலறியது. ஈரத் துணியை மகள் கண்ணில் போட்டு மடியில் சாய்த்துக்கொண்டாள். இருபது நிமிஷம். அவள் நினைத்தது போலவே பிறகு வாந்தி வந்தது. வெறும் பித்தநீர்தான் வந்தது, சோறு ஒன்றுமே இல்லை.

"காலையில இட்லி வச்சுட்டுப் போனேனே. சாப்பிடலையா?"

பிள்ளை ஈரத் துணியை இழுத்து முகத்தை மூடிக்கொண்டது. மறுபடி கேட்டதும் விசும்பிக்கொண்டே சொன்னாள். "செல்வமேரி அத்தை வீட்டுக் கோழிக்குப் போட்டுட்டேன்."

"மத்தியானச் சோறு?"

"அதையும்தான். வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை ஒருசந்தி இருக்கேன்மா. எப்பவும் இட்லி மட்டும்தான் போடுவேன். புதுநன்மை கிட்ட வந்துருச்சேன்னு இன்னிக்கி சோத்தையும்..."

"எதுக்குடி? உன்னை யாரு இருக்கச் சொன்னா?"

"ஞானோபதேச வகுப்புல உபதேசியார் சொன்னாங்க, பாவத்துல இருக்கறவங்களுக்காகப் பட்டினி கெடந்து ஒறுத்தல் செஞ்சா ஆண்டவர் அவங்க மனசத் திருப்புவாராம். நீ என் பக்கத்துல நன்மை வாங்கணும்ல." சொல்லிவிட்டுப் பிள்ளை அவள் மடியிலேயே முகத்தைப் புதைத்துக்கொண்டது.

செல்வமேரி சொல்லியிருந்தால் கோபம் வந்திருக்கும். ஊர் சொல்லித்தான் இத்தனை வருஷமாகக் கேட்டாகிவிட்டது. இது வயிற்றில் பிறந்தது, அவள் பாவத்துக்காகத் தன் இட்லியைக் கோழிக்குப் போட்டிருக்கிறது. இதை யாரிடம் போய்ச் சொல்லி அழுவது என்று அவளுக்குத் தெரியவில்லை.

மறுநாள் பதிவேட்டை எடுத்துக்கொண்டு, மகளையும் கூட்டிக்கொண்டு டாக்டர் ஜஹானாராவிடம் போனாள். ரமலான் மாதம். டாக்டரின் உதடு காய்ந்திருந்தது. பதிவேட்டைப் பக்கம் பக்கமாகப் புரட்டிப் பார்த்தார்.

"இதைவிட நல்லா எந்த நோயாளியும் எனக்கு எழுதிக் கொடுத்ததில்ல டீச்சர். பட்டினிதான் உங்களுக்கு எமன். பாப்பாவுக்கும் அப்படித்தான் தெரியுது. இது குடும்பத்துல எறங்குற நோய். எல்லாப் பிள்ளைக்கும் வராது. வந்த பிள்ளைய வெறும் வயித்தோட விடக் கூடாது, அவ்வளவுதான். மாத்திரை இந்த வயசுல வேணாம்."

அமலராணி புதுநன்மையைப் பற்றிச் சொன்னாள். நடுராத்திரியிலிருந்து பத்து மணி வரைக்கும் என்றாள்.

"நானே இன்னிக்கி நோம்புதான். ஆனா நோயாளிக்கு எங்க மார்க்கத்துல விலக்கு இருக்கு. முடியாதவங்க விட்டுரலாம், பின்னால ஈடு கட்டிக்கலாம். உங்கள்ல அப்படி இல்லையா?"

"இல்லைங்க டாக்டர். எங்கள்ல கண்டிப்பு."

"கேட்டுப் பாத்தீங்களா?"

அமலராணி பதிவேட்டைத் திரும்ப வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். கேட்டதில்லை. ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. தலைவலிக்காகச் சாமியாரிடம் போய் உத்தரவு கேட்பதா? அவர் சிரிக்க மாட்டாரா? இன்னாசிராஜின் 'தானே' இவ்வளவு நாளில் அவளுக்குள்ளேயும் குடியேறியிருந்தது.

தனக்கென்றால் இப்போதும் போயிருக்க மாட்டாள். மகளுக்காக அன்று சாயங்காலமே சாமியார் பங்களாவுக்குப் போனாள். பங்குச் சாமியார் அற்புதசாமி வந்து ஒரு வருஷம்தான் ஆகிறது. தாழ்வாரத்தில் ஈசிச்சேரில் உட்கார்ந்து, பூசையில் வாசிக்க வேண்டிய கல்யாண ஓலைகளைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார்.

"ஸ்தோத்திரம் சாமி" என்று ஆரம்பித்தவள் முதலில் மகளைச் சொன்னாள், பிறகு தன்னைச் சொன்னாள். பதிவேட்டை நீட்டினாள். டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டையும் நீட்டினாள். சாமியார் சிரிக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவளைப் பார்த்தார்.

"காப்பி குடிச்சாப் போதுமா? தலைவலி வராதா?"

"சர்க்கரை போட்டுப் பாலோ காப்பியோ குடிச்சா வராதுங்க சாமி. இல்லன்னாலும் தாங்குற மாதிரி இருக்கும்."

"அப்பக் குடிம்மா. பிள்ளைக்கும் பால் குடு. இட்லி ஆகாது. குடிக்கிறது எதுவானாலும் சரி, சாராயம் மட்டும் வேணாம்" என்று தானே சிரித்துக்கொண்டார். "மருந்தும் சாப்பிடலாம். நோயாளிங்களுக்கு அந்த விலக்கு உண்டு. படுத்த படுக்கையா இருக்கணும்னு அவசியமில்ல. பாவசங்கீர்த்தனம் கேக்குற சாமியார் ஒருத்தர் சரின்னு சொல்லணும். நான் சொல்லிட்டேன். வாரா வாரம் வந்து கேக்க வேணாம்."

"எப்பேர்ந்து சாமி இந்த உத்தரவு?"

"அதான், தண்ணி குடிக்கலாம்னு வந்துச்சே, அதே உத்தரவுதாம்மா. மூணு வருஷம் ஆச்சு. பிரசங்கத்துல வாசிச்சிருப்பாங்களே, நீ அன்னிக்கிப் பூசைக்கு வரலையா?"

வரவில்லை. அந்த ஞாயிறு அவளுக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. தலையில் துணி கட்டிக்கொண்டு உள்ளறையில் கிடந்தாள். பூசை முடிந்து வந்த இன்னாசிராஜ் செருப்பைக் கழற்றிக்கொண்டே, "இனிமே தண்ணி குடிக்கலாமாம்" என்று சொன்னார். அதுதான் அவளுக்கு எட்டிய உத்தரவு.

வீட்டுக்கு வந்தபோது அவர் வாசலில் சைக்கிள் சங்கிலிக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தார்.

"என்னங்க, மூணு வருஷத்துக்கு முன்ன கோயில்ல ஒரு உத்தரவு வாசிச்சாங்களே. நோயாளிங்க காப்பி குடிச்சிட்டு நன்மை வாங்கலாம்னு. நீங்க கேட்டீங்களா?"

அவர் யோசித்தார். "ஆமா, வாசிச்சாங்க."

"ஏன் என்கிட்டச் சொல்லல?"

இன்னாசிராஜ் எண்ணெய்க் கையோடு நிமிர்ந்தார். கிண்டல் இல்லை, சமாளிப்பும் இல்லை. உண்மையாகவே புரியாமல் அவளைப் பார்த்தார். "அது நோயாளிங்களுக்குல்ல அமலி. நீ நோயாளி இல்லையே. உனக்குத் தலைவலிதானே."

அவள் உள்ளே போய் அரிசி களைந்தாள். வருஷத்துக்கு ஐம்பத்திரண்டு, மூன்று வருஷத்துக்கு நூற்றைம்பதுக்கு மேல். அத்தனை ஞாயிறும் தரையில் உட்கார்ந்திருந்தாள். ஒரு தம்ளர் காப்பிக்கு ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும். அவர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தாலும் போதும். சண்டை பிடிக்கலாம், நியாயம் அவள் பக்கம்தான். ஆனால் சண்டைக்குத் தெம்பு வேண்டும். அவர் பின்னாலேயே வந்து அடுப்படி நிலையில் நின்றார். சோறு கொதிக்கும் வரை நின்றார். அவள் திரும்பாமலேயே, ரோசி கோழிக்கு இட்லி போட்ட கதையைச் சொன்னாள். மகளுக்கும் அந்த மின்னல் வந்துவிட்டது என்று சொன்னாள். ராத்திரி அவர் சரியாகச் சாப்பிடவில்லை.

புதுநன்மை அன்று ஐந்து மணிக்கு அடுப்படியில் விளக்கைப் போட்டு, ரோசிக்குச் சர்க்கரை போட்டு ஒரு தம்ளர் பால் கொடுத்துவிட்டு, தான் காப்பி குடித்தாள். கிணற்றடியில் குடத்தோடு நின்ற செல்வமேரி ஜன்னல் வழியாக இரண்டையும் பார்த்தாள். அமலராணியும் அவள் பார்த்ததைப் பார்த்தாள். ஜன்னலைச் சாத்தக் கை போனது. பிறகு வேண்டாம் என்று விட்டுவிட்டாள்.

கிராதியில் வெள்ளைத் துணியடியில் கையை வைத்துக்கொண்டு மூன்று பேரும் முழங்காலிட்டார்கள். பரவசம் எதுவும் வந்துவிடவில்லை. முழங்கால் வலித்தது, பூமுடியிலிருந்து மல்லிகை வாசனை கொஞ்சம் அதிகமாகவே அடித்தது. நன்மை நாவில் ஒட்டியபோது, பக்கத்தில் ரோசியின் முழங்கை தன் முழங்கையில் நடுங்கிக்கொண்டு இடிப்பது அவளுக்குத் தெரிந்தது. கண்ணைத் திறந்தாள். ஆறு மெழுகுவர்த்தியும் எரிந்துகொண்டிருந்தன.

இதோடு முடிந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும். ஆனால் அந்த நோய் அப்படி மரியாதை தெரிந்ததல்ல. மே மாத வெயில், வீடு நிறைய ஆட்கள், வடைச் சட்டிப் புகை, யாரோ பூசிய அத்தர். மத்தியானம் இரண்டு மணிக்கு, பாயசம் ஊற்றிக்கொண்டிருக்கும்போது தம்ளரின் விளிம்பில் அந்த ரம்பப்பல் கோடு ஆரம்பித்தது. கரண்டியை இன்னாசிராஜ் கையில் கொடுத்துவிட்டு உள்ளறைக்குப் போனாள். மாத்திரையைப் போட்டுக்கொண்டு இருட்டில் படுத்தாள். ரோசி வந்து ஈரத் துணியைப் பிழிந்து கண்ணில் வைத்துவிட்டுப் போனாள், எப்படி வைக்க வேண்டும் என்று இப்போது அவளுக்கும் தெரியும்.

கூடத்தில் பேச்சும் சிரிப்பும் ஒவ்வொன்றும் ஆணியாக இறங்கியது. அதற்கு நடுவே செல்வமேரியின் குரல், எல்லோருக்கும் கேட்கிற மாதிரி.

"எங்க டீச்சரம்மாவக் காணோம்? படுத்துட்டாளா? படுக்காம என்ன செய்யும்? விடியக்காலைல அம்மாவும் மகளும் பாலும் காப்பியுமாக் குடிச்சிட்டு வந்து கிராதில முழங்கால் போட்டாங்க. என் ரெண்டு கண்ணால பாத்தேன். ஆண்டவர் பாத்துக்கிட்டுச் சும்மாவா இருப்பாரு?"

கூடம் சட்டென்று அடங்கிவிட்டது. உள்ளே அமலராணி ஈரத் துணியைக் கண்ணோடு அழுத்திக்கொண்டாள். இப்போது இன்னாசிராஜ் சொல்லப்போகிற வார்த்தை அவளுக்குத் தெரியும், பதினாலு வருஷமாகத் தெரியும். ஒண்ணுமில்லைங்க அக்கா, தலைவலிதான்.

பாயசக் கரண்டியைக் கீழே வைக்கும் ஓசை கேட்டது.

"பாத்தீங்கதானே அக்கா? நல்லாப் பாத்துக்கங்க." இன்னாசிராஜின் குரல்தான். அவர் கூட்டத்தில் பேசிப் பழகியவர் அல்ல. "சாமியார் உத்தரவு குடுத்திருக்காரு. நோயாளிங்க குடிக்கலாம். அந்த உத்தரவு வந்து மூணு வருஷம் ஆச்சு, நான்தான் வந்து சொல்லல. தப்பு என்னோடது. என் சம்சாரம் நோயாளி."

யாரோ தம்ளரைத் தரையில் வைத்தார்கள்.

"மெதுவாப் பேசுங்க எல்லாரும். உள்ள நோயாளி படுத்திருக்கு."

அடுத்து, கூடத்து ஜன்னல்களை ஒவ்வொன்றாக அவர் சாத்துவது கேட்டது. செருப்புகள் மெல்ல நகர்ந்தன. பிள்ளைகளை யாரோ வாசலுக்கு விரட்டினார்கள்.

மாத்திரை போட்டும் வலி இம்மிகூடக் குறையவில்லை. இடது பக்கம் முழுவதும் அடித்துக்கொண்டுதான் இருந்தது, இனி நாளைக் காலை வரை அடிக்கும். ஈரத் துணிக்கடியிலிருந்து கண்ணீர் இறங்கிக் காதுக்குள் போனது, அவள் துடைக்கவில்லை. எழுந்து போய் வந்தவர்களைக் கவனிக்க வேண்டுமே, பாத்திரம் கிடக்குமே என்ற நினைப்பு பதினாலு வருஷத்தில் அன்றுதான் வரவில்லை. அவள் வெறுமனே படுத்திருந்தாள்.